வன்னிக் காய்ச்சல் குருநகருக்கு வருமோ?

எங்களில் ஒருத்தியின் வீடு குருநகரில், யாகப்பர் கோயிலடியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ஒருநாள் காலமை சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெடியன் வந்து கிணற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு குளிக்கிற சீமெந்துத் தொட்டி. நீளப் பிடி போட்ட வெள்ளை அகப்பை ஒன்றால் தண்ணீரை அள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்து, கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டெங்கோ தம்பி?" என்று அம்மம்மா கேட்டா.

"இல்லையம்மா, இது மலேரியா நுளம்பு பாக்கிறது."

அம்மம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலேரியாவோ? அது வன்னிக் காய்ச்சல் எல்லோ. இஞ்ச கடக்கரையில அதுக்கு என்ன வேலை?"

அவ பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் எங்கட வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஒரு நோய்க்கு ஊர்ப்பெயர் எப்படி வந்தது? வன்னிக்கு இருந்த காய்ச்சல் குருநகருக்கு ஏன் இல்லை? இவ்வளவு காலம் இல்லாதது இப்போது வருமென்று ஏன் ஒரு உத்தியோகத்தர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்? தேடத் தொடங்கினோம். இலங்கையின் மலேரியா வரைபடத்தை நூறு ஆண்டுக்குப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், அது இந்த நாட்டின் மழையை மட்டும் காட்டவில்லை. யார் எங்கே குடியிருந்தார்கள், யார் எங்கே துரத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது.

முதலில் நுளம்பு. இலங்கையில் மலேரியாவைக் காவியது பெரும்பாலும் ஒரே ஒரு இனம்: அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். 1920களில் இங்கே பூச்சியியலாளராக வேலை செய்த எச்.எப். காட்டர் தான் இதை உறுதிப்படுத்தியவர். இந்த நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த தண்ணீர் வேண்டும், அதில் வெயில் பட வேண்டும், தண்ணீர் ஓடாமல் நிற்க வேண்டும். ஆற்று மணலில் ஆங்காங்கே தேங்கும் குட்டைகள், வாய்க்கால் ஓரம், குளத்துக்குக் கீழே கசிந்து நிற்கும் நீர், இரத்தினக்கல் தோண்டிவிட்டு மூடாமல் விட்ட குழி. இவைதான் அதன் வீடு.

இப்போது ஓஎல் படிக்கையில் கீறின இலங்கைப் படத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தென்மேற்கில் ஈர வலயம், மற்றப் பக்கமெல்லாம் உலர் வலயம், நடுவில் ஒரு ஒடுங்கிய இடை வலயம். மலேரியாவின் பழைய படத்தை அதன் மேல் வைத்தால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். உலர் வலயத்தில் மாரி மழை பெய்து, குளம் நிரம்பி, வாய்க்காலில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் மார்கழி, தையில் காய்ச்சல் ஏறும். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வன்னி, அனுராதபுரம், அம்பாந்தோட்டை எல்லாம் இந்தக் கணக்கு. அந்தக் காலத்து வைத்தியர்கள் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்துத்தான் ஊர்களைத் தரம் பிரித்தார்கள். வருடாவருடம் காய்ச்சல் கண்டு தப்பிய ஆட்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. தப்பாத குழந்தைகளின் கணக்கு வேறு.

ஈர வலயத்தில் கதை தலைகீழ். அங்கே ஆறுகள் எப்போதும் ஓடும், ஓடுகிற ஆறு குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். மழை இருந்தால் அங்கே பாதுகாப்பு. மழை பொய்த்தால்தான் ஆபத்து. ஒரே நுளம்பு, ஒரே நாடு: மழை பெய்தால் வன்னியில் காய்ச்சல், மழை பெய்யாவிட்டால் கேகாலையில் காய்ச்சல்.

யாழ்ப்பாணம் இந்த இரண்டு கணக்குக்குள்ளும் சரியாக அடங்காது. நாங்களும் உலர் வலயந்தான். ஆனால் எங்களிடம் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறாக நிற்கும். பெரிய குளமும் இல்லை, வாய்க்கால் வலையும் இல்லை. ஆகவே குடாநாட்டில் மலேரியா இருந்தாலும் வன்னியளவுக்கு இருந்ததில்லை. சின்னக் குடாநாட்டில் சனம் நெருங்கி வாழ, ஆனையிறவுக்கு அங்கால் அவ்வளவு நிலம் சும்மா கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டி, கிளிநொச்சியில் காணி தருகிறோம், வந்து விதையுங்கள் என்று அழைத்தபோது யாழ்ப்பாணத்தார் பின்னடித்ததற்கு முக்கியமான காரணம் காய்ச்சல் பயம். போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். அம்மம்மா சொல்லும் "வன்னிக் காய்ச்சல்" என்ற சொல் அங்கேயிருந்துதான் வருகிறது. அவவின் தகப்பனார் முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்து திரும்பும் காலங்களில், ஆளைவிட முதல் நடுக்கம்தான் வீட்டுப் படலைக்குள் வருமாம். கருவாட்டோடு குயினைனும் கொண்டுவருவார் என்று அவ சொல்லுவா.

ஆனால் இலங்கை மலேரியா வரலாற்றில் மிகக் கொடிய அத்தியாயம் வன்னியில் நடக்கவில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை தவறியது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றிக் குட்டை குட்டையாய் நின்றன. அந்த நுளம்புக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒக்ரோபர் அளவில் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைப் பிடித்தது. வருடாவருடம் காய்ச்சல் காணாத சனம், உடம்பில் எதிர்ப்பில்லை. அதோடு உலகப் பொருளாதார மந்தம், வறட்சியால் விளைச்சல் இல்லை, வயிற்றில் சோறில்லை. 1935 ஏப்ரலுக்கிடையில், ஏழு மாதத்துக்குள், ஏறத்தாழ 80,000 பேர் செத்துப்போனார்கள். நாட்டின் சனத்தொகை அப்போது 60 இலட்சத்துக்கும் குறைவு. நோய் கண்டவர்கள் 15 இலட்சத்துக்கு மேல் என்பதுதான் குறைந்தபட்ச மதிப்பீடு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காலனித்துவ அரசாங்கம் திணறிக்கொண்டிருந்தபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொழும்பிலிருந்து இந்த ஊர்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு போனார்கள். என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க. பருப்பு பங்கிட்ட என்.எம்முக்குச் சனம் "பரிப்பு மாத்தயா", அதாவது பருப்பு ஐயா, என்று பட்டம் வைத்தது. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936 அரசாங்க சபைத் தேர்தலில் என்.எம். றுவன்வெல்லையிலும் பிலிப் அவிசாவளையிலும் வென்றார்கள். இரண்டும் காய்ச்சல் ஆடித் தீர்த்த களனிப் பள்ளத்தாக்குத் தொகுதிகள். இந்த நாட்டு இடதுசாரி அரசியலின் முதல் வாக்குகள் எங்கே விழுந்தன என்று பார்த்தால், அதற்குள்ளும் ஒரு மலேரியா வரைபடம் கிடக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாய் வைத்து எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்தது டி.டி.ரி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1945, 46இல் வீட்டுச் சுவர்களுக்கு உள்ளே டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் இளைப்பாற உட்காரும், அங்கேயே செத்துவிடும். 1946இல் கிட்டத்தட்ட 28 இலட்சம் பேருக்குக் கண்ட காய்ச்சல் 1963இல் வெறும் 17 பேராகக் குறைந்தது. அந்தப் பதினேழிலும் 11 பேர் வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள். நாட்டின் இறப்பு வீதமும் 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்து ஒரே வருடத்தில் 14.3க்கு விழுந்தது. இது முழுக்க டி.டி.ரி.யின் வேலையா, இல்லை அரிசிப் பங்கீடும் இலவச ஆஸ்பத்திரிகளும் செய்ததா என்று சனத்தொகை ஆய்வாளர்கள் பல வருடம் சண்டை பிடித்தார்கள். மீகம போன்றவர்கள் மலேரியா குறைவான மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்ததைக் காட்டினார்கள். எங்களுக்கும் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் கூட நியாயமாகப் படுகிறது. இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் தமிழ் வாசகர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விளைவு இருக்கிறது. உலர் வலயம் திறந்தது. 1930களிலேயே டி.எஸ். சேனநாயக்க விவசாய அமைச்சராக இருந்து மின்னேரியாவில் குடியேற்றம் தொடங்கினவர்தான். ஆனால் காய்ச்சல் குடியேறியவர்களை அடித்துக் கலைத்துக்கொண்டே இருந்தது. சுவரில் மருந்து அடித்த பிறகு அந்தத் தடை போய்விட்டது. 1949இல் கல்லோயாத் திட்டம், பிறகு கந்தளாய், பதவியா என்று ஒவ்வொன்றாய் வந்தன. அரசாங்கம் அங்கே யாரைக் குடியேற்றியது, கிழக்கின் இனப் பரம்பல் எப்படி மாறியது, 1956இல் கல்லோயாவில் தமிழர் மீது என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. குடியேற்றம் அரசியல் முடிவு, அதற்கு நுளம்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் நூற்றுக்கணக்கான வருடம் அந்தக் காட்டுக்குக் காவல் நின்றது ஒரு காய்ச்சல். அந்தக் காவல் போனபின் நிலத்துக்கான போட்டி தொடங்கியது. மலேரியா ஒழிப்பைப் பற்றிய பாராட்டுக் கட்டுரைகளில் இந்தப் பக்கம் வருவதில்லை.

தமிழரும் இதே கதவால் போனார்கள். கிளிநொச்சிக் குடியேற்றங்கள் நிலைத்தது இதற்குப் பிறகுதான். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளில் கொட்டில் போட்டன. குளிர் கூடிய உயர்ந்த தோட்டங்களில் மலேரியா பரவுவதில்லை. காய்ச்சலே காணாத உடம்போடு வந்தவர்கள், அது திரும்பிவந்துகொண்டிருந்த மண்ணில் இறங்கினார்கள்.

திரும்பிவந்துகொண்டிருந்தது என்று சொன்னோம். 1963இன் அந்தப் பதினேழைப் பார்த்த சந்தோசத்தில் மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காசும் ஆட்களும் குறைந்தன. எலகெர பக்கம் இரத்தினக்கல் குழிகள் பெருகின, காட்டுச் சேனைகளுக்குப் போய்வரும் ஆட்கள் பெருகினார்கள். 1969இல் நோயாளர் 5 இலட்சத்து 37 ஆயிரம். ஆறே வருடம்! மறுபடி டி.டி.ரி. அடித்தார்கள், இந்த முறை நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 70களின் நடுவில் மலத்தியோனுக்கு மாறினார்கள். பிறகு மகாவலித் திட்டத்து வாய்க்கால்கள் வந்தன, 1987இல் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல்.

அதுவரை படத்தை வரைந்தது மழையும் வாய்க்காலும். 90களில் அதை யுத்தம் வரைந்தது. மருந்தடிக்கும் குழுக்கள் போக முடியாத இடம், இரத்தம் எடுத்துச் சோதிக்க ஆளில்லாத இடம், மரத்தடியில் தறப்பாளுக்குக் கீழே சனம் படுக்கிற இடம்: இவையெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும். இந்த நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு எங்கட பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. குருநகரும் போனது. தென்மராட்சியில் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1996 சித்திரையில் திரும்பினார்கள், மற்றவர்கள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். அம்மம்மாவின் குடும்பம் இரண்டாவது கூட்டம். தகப்பனார் வாடியிலிருந்து கொண்டுவந்த அதே காய்ச்சலை, அறுபது வருடத்துக்குப் பிறகு மகளும் பேரப்பிள்ளைகளும் அதே மண்ணில் கண்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பொழுதுபட நடுக்கம், இருக்கிற சாக்கெல்லாம் போர்த்தாலும் அடங்காத குளிர், பிறகு வேர்வை. குளோரோகுயின் குளிசையின் கைப்பு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது என்று எங்கட தோழியின் தாயார் சொன்னா. வெறும் வயிற்றில் போட்டால் சத்தி வரும், வயிற்றுக்குள் போட வேறொன்றும் இருக்காது.

1999இல் நாடு முழுக்க 2 இலட்சத்து 64 ஆயிரம் பேருக்கு மேல் மலேரியா. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எங்களை மிகவும் வியக்க வைத்தது. யுத்தம் முடியும் முன்னரே எண்ணிக்கை விழத் தொடங்கியது. மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வேலை செய்தார்கள். புலிகளும் அதைத் தடுக்கவில்லை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பொருட்களைக் கொண்டுபோக உதவியது. ஊரூராய்ப் போகும் நடமாடும் கிளினிக்குகள், காய்ச்சல் இல்லாதவரிடமும் விரல் குத்தி இரத்தம் பார்த்தல், மருந்தூட்டிய நுளம்பு வலைகள், உலக நிதியத்தின் காசு. ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு நுளம்பு விசயத்தில் மட்டும் ஒத்துப்போயின. இதைச் செய்த ஆட்களின் பெயர்கள் எந்த நினைவுக் கல்லிலும் இல்லை. சைக்கிளில் கண்ணாடித் தகட்டுப் பெட்டியும் கட்டிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்த எங்கட ஊர்ச் சுகாதார ஊழியர்கள் அவர்கள்.

2012 ஒக்ரோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்த நாடு நாங்கள்தான்.

அதே வருட முடிவில் மன்னார்த் தீவின் கிணறுகளில் இங்கே இதுவரை காணாத ஒரு நுளம்பு பிடிபட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். கியூலிசிபேசிஸ் கேட்ட ஆற்று மணலும் வாய்க்காலும் இதற்குத் தேவையில்லை. கிணறு, சீமெந்துத் தொட்டி, கூரைத் தண்ணீர்த் தாங்கி போதும். அடுத்த ஓரிரு வருடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர் சுரேந்திரன் குழுவினர் இதை யாழ்ப்பாண நகரிலும் கண்டார்கள்.

இப்போது குருநகரை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். பழைய கரையூர். நெருக்கமான வீடுகள், வீட்டுக்கு வீடு தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டிகள், பரல்கள், உவர்க் கிணறுகள், ஐந்து மாடிக் கட்டடத்தின் தாங்கிகள். ஆறில்லாமல், குளமில்லாமல் இருந்ததால் பழைய நுளம்பிடமிருந்து எங்களை ஓரளவு காத்த அதே நிலம், கிணற்றையும் தொட்டியையும் நம்பியிருப்பதால் புதிய நுளம்புக்கு ஏற்ற இடமாகிவிட்டது. உப்புத்தண்ணி காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. குடாநாட்டுக் கரையோரத்தில் உவர் நீரிலும் அனோபிலிஸ் குடம்பிகள் வளர்வதை இதே பல்கலைக்கழக ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. டெங்கு நுளம்புகள் கைவிடப்பட்ட வள்ளங்களில் தேங்கிய உவர் நீரில்கூட வளர்ந்திருந்தன.

நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது, கிருமியைச் சுமந்த ஒருவரும் வேண்டும். அதற்கும் வழி உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல், முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் எங்கட சனம். வெளியிலிருந்து நோயோடு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தொற்றியும் இருக்கிறது. உடனே கண்டுபிடித்து அடக்கிவிட்டார்கள். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் அப்படி அடக்க முடியவில்லை. இதே ஸ்டெபென்சி அங்கே 2012இல் முதலில் காணப்பட்டது, அந்த வருடம் பதிவான நோயாளர் 27 பேர். 2020இல் 73,000க்கும் மேல்.

திரும்பி வருபவர்களைப் பயத்தோடு பாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருகாலத்தில் நாங்கள்தான் காய்ச்சலோடு வன்னியிலிருந்து திரும்பியவர்கள். கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் அந்தப் பயணத்தைச் சொல்லுங்கள். மலேரியா நோயாளி ஒருவரையும் காணாமலே படித்து முடிக்கும் வைத்தியர்களின் காலம் இது. நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் பார்த்த பிறகுதான் மலேரியா நினைவுக்கு வரும். இரத்தப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

அந்தப் பெடியன் போவதற்கு முதல் ஒரு பொலித்தீன் பையைத் திறந்து, கிணற்றுக்குள் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்களை விட்டார். குடம்பிகளைத் தின்னுமாம். அம்மம்மா கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தா.

"உவர்த் தண்ணி தம்பி. நிக்குமோ?"

"கப்பி நிக்கும் அம்மா. வாளியோட அள்ளிப்போடாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

இரண்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது கிணற்றுக்கு மேல் பழைய மீன்வலை ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. மீன் குஞ்சு போட்டு நூறு கூடிவிட்டதாம். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் ஒரு போத்தலில் கொடுத்துவிட்டிருந்தா.